ஃப்ரிட்ஜ் கதவில் நான்கு நிலாக்கள்

பக்கத்து அறையில் பூங்கோதை மறுபடியும் சிரித்தாள். ஞானவடிவேல் கண்ணைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்த மனுஷன் தூங்கத்தான் வேண்டும், தூங்குகிறவனுக்குப் பெண்டாட்டி சிரிப்பது காதில் விழக் கூடாது. ஆனால் விழுந்தது. ஒவ்வொரு சிரிப்பும் தனித்தனியாக விழுந்தது. அவளுடைய சிரிப்புகளை அவர் ரகம் பிரித்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூம் சிரிப்பு ஒன்று, அதில் பல் மட்டும் தெரியும். அவருடைய தங்கை வீட்டுக்கு வரும்போது சிரிப்பது இன்னொன்று, அதில் பல்லும் தெரியாது. இது வேறு. தொண்டைக்குக் கீழே எங்கேயோ கிளம்பி, நடுவில் மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடர்கிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறார். எதற்காகச் சிரித்தாள் என்பது மறந்துபோய்விட்டது, சிரிக்க வைத்தது தான்தான் என்று ஒரு நம்பிக்கை மட்டும் இத்தனை வருஷமாக இருந்தது. இப்போது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஈப்போ கிருபாகரன் சிரிக்க வைக்கிறான். மலேசியாவில் அச்சகம் வைத்திருக்கிறவன், நேரில் பார்த்தது கிடையாது, அவளை அக்கா என்கிறான். அக்கா என்கிறவனைப் பற்றித் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை என்று ஞானவடிவேலுக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் வயிறு எரிவது நின்றுவிடுமா. சந்தேகப்படுகிற புருஷன் என்றாலாவது ஊர் பரிதாபப்படும். இவருக்கு அந்த வசதியும் இல்லை. அவளை அவன் கொண்டுபோய்விடுவான் என்று பயமில்லை. அவன் அவளைப் புகழ்கிறான், அவ்வளவுதான், அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை.

புகழ்வதெல்லாம் ஒரே ஒரு படத்துக்காக. சனிக்கிரகத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு படப் புத்தகம் போடுகிறான் கிருபாகரன், அதற்கு அட்டைப் படம் பூங்கோதை செய்தது. செய்தது என்றுதான் சொல்ல வேண்டும், எடுத்தது என்று சொல்ல முடியாது. எடுத்தது ஒரு விண்கலம். பதிமூன்று வருஷம் சனியையே சுற்றிச் சுற்றி வந்து, வளையத்தையும் பனி நிலாக்களையும் லட்சக்கணக்கில் படம் பிடித்து அனுப்பிவிட்டு, கடைசியில் அந்தக் கிரகத்துக்குள்ளேயே விழுந்து எரிந்துபோனது. அது அனுப்பியதெல்லாம் கறுப்பு வெள்ளை. சிவப்புக் கண்ணாடி வழியாக ஒன்று, பச்சை வழியாக ஒன்று, நீலம் வழியாக ஒன்று என்று ஒரே காட்சியை மூன்று தடவை எடுக்கும். இணையத்தில் எல்லாம் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, அழுக்குப் புள்ளிகளைத் துடைத்து, கண்ணுக்கு ஏற்ற நிறத்தைக் கொண்டுவருவது உலகம் முழுக்கச் சில பேருக்குப் பைத்தியம். திருச்சி கே.கே. நகரில் அந்தப் பைத்தியம் முதலில் பிடித்தது ஞானவடிவேலுக்கு. அதைச் சொல்ல வேண்டாமா, அதை யாராவது ஒரு தடவை சொல்ல வேண்டாமா. எட்டு வருஷம் அவர் ஒருத்தராகத்தான் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தார். என்செலடஸ் என்கிற பனி நிலாவின் தென்துருவத்து விரிசல்களிலிருந்து தண்ணீர் பனியாகப் பீய்ச்சியடிப்பதை முதன்முதலில் தன் கையால் கலராக்கிப் பார்த்த அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பூங்கோதை, சாம்பார் ஆறுது, ஆறுது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இவள் எங்கே இருந்தாள் என்றால், சமையலறையில் இருந்தாள்.

ஊரடங்கு வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். அவர் பையன்கள் பள்ளியில் இயற்பியல், அவள் பெண்கள் பள்ளியில் தாவரவியல், இரண்டு பேரும் வீட்டில் முட்டிக்கொண்டு கிடந்தார்கள். பொழுது போகட்டும் என்று அவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரே ஒரு படத்தில் மட்டும் தெரிகிற புள்ளி அழுக்கு, துடைத்துவிடலாம். மூன்றிலும் தெரிந்தால் அது பொருள், கை வைக்கக் கூடாது. அதுதான் முதல் பாடம். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, அவர் அப்போது பெருமையாகக் கம்ப்யூட்டர் முகப்பில் வைத்திருந்த சனியைப் பார்த்து, இது ஏங்க மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு என்றாள். உறையப் போற நெய் ஒரு கலர்ல இருக்குமே, அப்படித்தானே இருக்கணும் என்று மவுஸைக் கையில் வாங்கி, எதையோ இழுத்து, எதையோ குறைத்தாள். அந்தக் கிரகம் அப்போதுதான் உருண்டையாக ஆனது. அதுவரைக்கும் அது தட்டையாக இருந்திருக்கிறது என்பதே அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. பலே என்று அவர் சொன்னார், வாய் நிறையச் சொன்னார், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருபது வருஷமாகக் கலர் சாக்பீஸில் இலைநரம்பு வரைந்த கை அது, தப்பு அவள்மேல் இல்லை. ஆனாலும் பலே என்று சொன்ன வாய்க்குள் ஒரு கசப்பு ஊறியது, வேப்பங்கொழுந்தைக் கடித்த மாதிரி. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. அதற்கப்புறம் அவர் இணையத்தில் போட்ட படங்களுக்கு வெளிநாட்டுக்காரர்கள் நல்ல முயற்சி என்று எழுதினார்கள். நல்ல முயற்சி என்று எந்தப் பையனுக்கு எழுதுவோம் என்பது முப்பது வருஷ வாத்தியாருக்குத் தெரியாதா. அவள் படங்களுக்குக் கீழே ஒருவரும் முயற்சி என்ற வார்த்தையை எழுதவில்லை. கிருபாகரன் முதல் தடவை பேசியபோது அவள் இவரைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள், அவன் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, சாருக்கும் இதுல இன்ட்ரஸ்ட் உண்டுங்களா என்று கேட்டான். உண்டுங்களா. பூங்கோதை, எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான் என்றாள் உடனே. அந்த உடனேதான் இன்னும் மோசம். குழந்தைக்கு அடிபட்டால் ஓடிவந்து தடவிக்கொடுக்கிற வேகம் அது.

அறைக்குள் வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டி வைத்திருந்தது. அவர் ஒருக்களித்துப் படுத்தார். கண்ணை மூடினால் இருட்டு வர வேண்டும், வந்தது ஒரு புள்ளி. வியாழக்கிழமையிலிருந்து இப்படித்தான், கண்ணை மூடினால் அந்தப் புள்ளி. வியாழக்கிழமை அவளுக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு, அவர் முதலில் வந்துவிட்டார். தண்ணீர் எடுக்கப் போய் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார். கதவில் அந்த அட்டைப் படம். இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் படம் செய்து முடித்தாலும் அதைத் தாளில் அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அது அங்கேயே தொங்கும், மாவு எடுக்கவும் மோர் எடுக்கவும் போகிறபோது மற்றவர் பார்க்க வேண்டும், தப்பு என்று பட்ட இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட வேண்டும். வாயால் சொல்லக் கூடாது, வாயால் சொன்னதில்தான் ஆரம்பத்தில் நிறைய சண்டை வந்தது. வட்டம் போட்டதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சரிசெய்ய வேண்டும். வட்டம் விழாத படம் தேறிவிட்டது என்று அர்த்தம். இதற்கென்றே ஒரு பென்சில் ஃப்ரிட்ஜ் தலையில் கிடக்கும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் ஞானவடிவேல்தான், எல்லாவற்றையும் கொண்டுவந்தவர் அவர்தான். அவருடைய தங்கை வந்திருந்தபோது, வீட்டுக்குள்ள சனியை ஏன் அண்ணி மாட்டி வெச்சிருக்கீங்க என்று பதறினாள். அது ஒரு கிரகம், வாயுவும் பனியும், அது நம்மள என்ன பண்ணும் என்று அவர் அவளுக்குப் பாடம் எடுத்தார். என்ன பண்ணும் என்று இப்போது படுத்துக்கொண்டு பார்க்கிறார்.

படம் அழகாக இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், மனசுக்குள்ளாவது. ஒரு ஓரத்தில் கிரகத்தின் வளைவு, நெய் நிறம். பக்கவாட்டில் பார்ப்பதால் வளையம் கத்தி விளிம்பு மாதிரி ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டை ஒட்டி நாலு பனி நிலாக்கள், பெரிதாக ரியா, பால் வெள்ளையாக என்செலடஸ், சின்னதாக மைமஸ், பொடியாகப் பண்டோரா. கீழ் மூலையில், வெண்ணெய்க்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த பசுமாட்டுக் காந்தத்தை ஒட்டி, படம்: பூங்கோதை என்று பொடி எழுத்து. பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடித்துக்கொண்டே பார்த்தார். வளையக் கோட்டின் நுனிக்கு அப்பால் ஓர் இடம் காலியாக இருந்தது. கறுப்பு என்றால் எல்லாம் கறுப்புத்தான், ஆனால் அந்த இடம் கூட்டிப் பெருக்கின மாதிரி சுத்தமாக இருந்தது. போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து மூலப் படங்களை எடுத்தார். சிவப்பில் அங்கே ஒரு புள்ளி. பச்சையில் கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி. நீலத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி. மூன்று படத்துக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் ஓடியிருக்கிறது, அதற்குள் அது நகர்ந்திருக்கிறது. நடக்கிற புள்ளி, நிலா. எபிமீத்தியஸ். மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது ஒரே நிலா சிவப்பாக ஒன்று, பச்சையாக ஒன்று, நீலமாக ஒன்று என்று தனித்தனியாகத் தெரிந்திருக்கிறது, மூன்று அழுக்கு என்று நினைத்து அவள் மூன்றையும் துடைத்துவிட்டாள். முதல் பாடத்தையே கோட்டை விட்டுவிட்டாள். அப்போது அவருக்கு வந்தது சந்தோஷம். அதற்கு வேறு பேர் வைக்க அவர் எவ்வளவோ பார்த்துவிட்டார், அது சந்தோஷம்தான். சமையலறைக்குத் திரும்பி வந்து பென்சிலை எடுத்து, நுனியைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். படம்: பூங்கோதை. பென்சிலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, மறுபடியும் தண்ணீர் குடித்தார்.

அவள் வந்ததும் வட்டம் போடலாம் என்று நினைத்தார், அவள் வந்தாள், வலிக்கிற காலை நடுநடுவே அமுக்கிவிட்டுக்கொண்டு தோசை சுட்டாள். வெள்ளிக்கிழமை போடலாம் என்று நினைத்தார், வெள்ளிக்கிழமை கிருபாகரன் கூப்பிட்டு, மாதிரிக்கு அனுப்பியிருந்த அட்டையைப் பார்த்து அச்சகத்தில் எல்லோரும் அசந்துபோனார்கள் என்றான். சனிக்கிழமை பூங்கோதை மோர் எடுக்கப் போனபோது கதவைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் நேரம் நின்றாள், வட்டம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை என்றதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதையும் அவர் பார்த்தார். இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தது உண்மை. புத்தகம் வரும். எவனாவது ஒருத்தன், இந்தப் பைத்தியம் பிடித்தவர்களில் ஒருத்தன், மூலப் படத்தைத் திறப்பான், அட்டையில் ஒரு நிலாவைக் காணோமே என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுவான். பூங்கோதை அந்த நாற்காலியிலிருந்து எழுந்து, முந்தானையைக் கசக்கிக்கொண்டு, இவரிடம் வந்து நிற்பாள். என்னங்க இது இப்படி ஆயிடுச்சு என்பாள். விடு, நான் பாத்துக்கறேன் என்று இவர் நாற்காலியில் உட்காருவார். அந்தக் காட்சியை அவர் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தார் என்று சொன்னால் அவருக்கே அசிங்கம். ஒவ்வொரு தடவையும் அதில் அவள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அழுதாள். யாப்பெட்டஸ் என்று ஒரு நிலா உண்டு, பாதி கரி, பாதி பனி. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தவன் வெள்ளை என்பான், மறுபக்கம் பார்த்தவன் கறுப்பு என்பான். அவள் முதன்முதலில் முழுசாகச் செய்த படம் அது. ஒரே ஆளு இப்படி இருக்க முடியுமா என்று கேட்டாள். எல்லா ஆளும் அப்படித்தான் என்று அன்றைக்கு விளையாட்டாகச் சொன்னார்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. காலடி. கதவுக்கு இந்தப் பக்கம் அவள் வந்து நிற்கிறாள், கண்ணைத் திறக்காமலே அவருக்குத் தெரிந்தது, அவளுடைய தலைக்குத் தேய்த்த சீயக்காய் மணம் முதலில் வந்தது.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

மூச்சைக் கொஞ்சம் இழுத்து விட்டார். தூங்குகிறவன் எப்படி மூச்சு விடுவான் என்று தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும், அவருக்குத் தெரிந்த மாதிரி விட்டார். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு, கண்ணைத் திற, அங்க ஒண்ணு விட்டுப்போச்சு பூங்கோதை என்று சொன்னால் முடிந்தது, ஐந்து நிமிஷத்தில் அவள் சரிசெய்துவிடுவாள், அப்புறம் அந்தப் படம் குறையே இல்லாத படமாகிவிடும். குறையே இல்லாத படம். அந்த இடத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் நின்றாள். அப்புறம் சுவர்ப் பக்கம் போய் ஃபேனை ஒன்று குறைத்தாள். அவருக்கு மூக்கடைப்பு வரும், வேகமாகச் சுற்றினால் ஆகாது. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள், ஆனால் அந்தக் கதவு முழுசாகச் சாத்தாது, மழைக்காலத்திலிருந்து பொருமிப்போய் இருக்கிறது. அதனால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதும் அவருக்குக் கேட்டது.

"அவர் தூங்கறாரு கிருபா. வட்டம் ஒண்ணும் போடலை. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது, ஏதாவது இருந்தா போட்டிருப்பாரு. இந்தாங்க, அனுப்பிட்டேன், பாருங்க."

போய்விட்டது. அவர் படுத்தபடியே கையை நெஞ்சுமேல் வைத்தார். இவ்வளவுதான், முடிந்தது, தான் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்பதை யார் குற்றம் சொல்ல முடியும். பார்க்கவில்லை என்று சொன்னால் பார்க்கவில்லைதான். ஆனால் கம்ப்யூட்டர் சொல்லுமே. வியாழக்கிழமை திறந்த கோப்புகளை அது வரிசையாக வைத்திருக்குமே, சிவப்பு, பச்சை, நீலம், அவள் பள்ளியில் இருந்த நேரத்தில் திறந்தது யார். அதை அழித்தோமா இல்லையா. அழித்த மாதிரி இருந்தது, அழிக்காத மாதிரியும் இருந்தது. நெற்றியில் வேர்த்தது, ஃபேனை வேறு குறைத்துவிட்டாள். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இந்த ஒரு வாக்கியத்தை அவள் கிருபாகரனிடம் அல்லவா சொல்கிறாள், தன்னிடம் எப்போதாவது சொன்னாளா. சொல்லியிருந்தால் இப்படிப் படுத்துக் கிடப்போமா. இல்லை, சொன்னாள், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வட்டத்தை எண்ணும்போது சொல்வாள், அதைப் புகழ்ச்சி என்று இவர் எடுத்துக்கொண்டதில்லை. ஜேனஸ், எபிமீத்தியஸ் என்று இரண்டு நிலாக்களுக்கும் ஏறக்குறைய ஒரே பாதை. உள்ளே இருப்பது கொஞ்சம் வேகம், பின்னாலிருந்து வந்து மற்றதை நெருங்கும், இடித்துவிடும் என்று பார்த்தால் இடிக்காது. ஒன்றை ஒன்று இழுத்து, உள்ளே இருந்தது வெளியே போகும், வெளியே இருந்தது உள்ளே வரும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இடம் மாறிக்கொள்ளும், எத்தனையோ காலமாக மாறிக்கொண்டே இருக்கின்றன, ஒன்றும் உடையவில்லை. பிளஸ் டூ பையன்களுக்கு இதை அவர் ரசித்துச் சொல்லுவார், புருஷன் பொண்டாட்டி மாதிரிடா என்று, பையன்கள் சிரிப்பார்கள். பூங்கோதை துடைத்தது அந்த இரண்டில் ஒன்று. மற்றது அந்த நேரத்தில் கிரகத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, படத்தில் வராது. இதை நினைத்ததும் அவருக்குத் துக்கமாக இருந்தது, யாருக்காக என்று தெரியவில்லை, அந்தப் பனிக்கட்டிக்காக இருக்க நியாயமில்லை.

கிருபாகரனுடைய குரல் கணீரென்று வந்தது, ஒலிபெருக்கியைக் கூட்டியிருக்கிறாள். பின்னட்டை வாசகத்தைப் படித்துக் காட்டுகிறான். "தம்பி தங்கைகளே, இந்தப் புத்தகத்தின் அட்டையில் எத்தனை நிலாக்கள் ஒளிந்திருக்கின்றன? எண்ணிப் பாருங்கள். விடை கடைசிப் பக்கத்தில்." படித்துவிட்டு, "விடை நாலுன்னு போட்டுரவாக்கா?" என்றான்.

"நாலுதான்" என்றாள் பூங்கோதை.

"அஞ்சு."

சொன்னது யார் என்று ஞானவடிவேல் ஒரு கணம் பார்த்தார். வேறு யாரும் இல்லை. முப்பது வருஷமாக வகுப்பில் தப்பான விடை காதில் விழுந்தால் சும்மா இருந்து பழகாத வாய், கரும்பலகையில் எழுதிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கும்போதுகூடத் திரும்பாமல் திருத்துகிற வாய், அவரைக் கேட்காமல் சொல்லிவிட்டது. அதுவும் மெதுவாக அல்ல, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி.

"கிருபா, ஒரு நிமிஷம்" என்றாள் பூங்கோதை. அப்புறம், "என்னங்க?" என்றாள்.

எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, செருப்பைத் தேடி, கிடைக்காமல், வெறுங்காலோடு போய் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் அந்தப் படம் பெரிதாக இருந்தது. மைக்கை நிறுத்தி வைத்திருந்தாள், மூலையில் கிருபாகரன் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான், அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பையனாகத் தெரிந்தான்.

"அஞ்சா?" என்றாள்.

"மூலப் படத்தை எடு. வளையத்து நுனிக்கு அந்தப் பக்கம்."

எடுத்தாள். சிவப்பு, பச்சை, நீலம். ஒன்றை மாற்றி ஒன்று காட்ட வைத்தாள். புள்ளி தத்தித் தத்தி நடந்தது. மறுபடி சிவப்பு, பச்சை, நீலம், மறுபடியும் நடந்தது. பூங்கோதை கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார், அவர் ஓட்டிப் பார்த்த காட்சியில் இந்த இடத்தில்தான் அழுவாள். அவள் அழவில்லை. அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு, திரும்பாமல் கேட்டாள்.

"எப்பப் பாத்தீங்க?"

இப்போதுதான், படுத்திருக்கும்போது சட்டென்று தோன்றியது என்று சொல்லலாம். நம்புவாள். அவர் சொன்னால் நம்புகிற பழக்கம் அவளுக்கு உண்டு.

"வியாழக்கிழமை."

அவள் தலையை லேசாக ஆட்டினாள், பள்ளியில் ஒரு பிள்ளை செய்ததை ஒத்துக்கொள்ளும்போது டீச்சர்கள் ஆட்டுகிற மாதிரி.

"அப்ப நான் வந்து கேட்டப்பவும் தூங்கலை."

அவள் மைக்கைத் திறந்தாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "கிருபா, அந்த ஃபைலை விட்டுருங்க. ஒரு நிலா விட்டுப்போச்சு, நான் அழுக்குன்னு நெனச்சுத் துடைச்சிட்டேன். அவர்தான் கண்டுபிடிச்சாரு. ராத்திரிக்குள்ள வேற அனுப்பறேன்."

"அய்யோ, நல்ல வேளைக்கா" என்றான் கிருபாகரன். "சார், இருக்கீங்களா சார்? நீங்க மட்டும் பாக்கலைன்னா மானம் போயிருக்கும். சொன்னா நம்ப மாட்டீங்க, நாங்க அஞ்சு பேரு பாத்தோம், ஒருத்தன் கண்ணுலயும் படலை. உங்க கண்ணு கண்ணுதான் சார். பெரிய ஆளு சார் நீங்க."

இத்தனை வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை. வந்துவிட்டது. ஒரு அச்சகத்துக்காரன் வாயிலிருந்து, ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்து, பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்க. ஞானவடிவேல் நின்றார். நன்றி தம்பி என்று சொன்னதாகத்தான் ஞாபகம்.

பேச்சு முடிந்ததும் பூங்கோதை சமையலறைக்குப் போனாள். அவரும் பின்னால் போனார், போகாமல் இருக்க முடியவில்லை. அவள் டீக்குப் பாலை வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து பசுமாட்டை எடுத்தாள். தாள் அவள் கையில் வந்தது. அதை மேடையில் விரித்து வைத்தாள். பசுமாடு இருந்த இடத்தில் இன்னும் எழுத்து இருந்தது. படம்: பூங்கோதை, ஞானவடிவேல். அத்தனை நாளும் எத்தனை தடவை அந்தக் கதவைத் திறந்து மூடியிருப்பார். மாட்டை ஒரு தடவை நகர்த்திப் பார்க்கவில்லை. துடைத்த இடத்தையும் அவள் பேரையும் தவிர அந்தத் தாளில் வேறு எதையும் அவர் பார்க்கவில்லை.

பால் பொங்கி வந்தது. அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"உங்க பேரு இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

அவர் ஃப்ரிட்ஜ் தலையில் கையை விட்டுத் துழாவிப் பென்சிலை எடுத்தார். குனிந்து, கீழ் மூலையில், தன்னுடைய பேரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். இந்த வீட்டில் வட்டம் போட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு அவர் விளக்க வேண்டியதில்லை.

பூங்கோதை டீயை ஆற்றினாள். ஒரு டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். தாளைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை.

"அது கிடக்கட்டும்" என்றாள். "முதல்ல நிலா இருந்த இடத்தைக் குறிங்க."

தாளில் அங்கே ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு. அளந்து பார்க்கவோ மூலப் படத்தோடு ஒப்பிடவோ அவருக்குத் தேவைப்படவில்லை. பென்சில் நேராக அந்த இடத்துக்குப் போய் நின்றது. அது எவ்வளவு நேராகப் போனது என்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.